லெட்டர் கேட்ட நாளும் கேட்காத நாளும்

"அன்னைக்கு அந்தப் பொண்ணு விஷயத்துல நீங்க லெட்டர் கேக்கலையே சார்?"

கல்லூரி கம்ப்யூட்டர் சென்டருக்கு நான் ஹெட். என் டீமில் நெட்வொர்க் பார்க்கும் பையன் கேட்டது. ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்கு வந்து போகிறவன், அதிகம் பேசமாட்டான்.

ஆசிரியர்களைப் பற்றி மாணவர்கள் கருத்து எழுதும் போர்ட்டலில், ஒரு பேராசிரியர் இன்டர்னல் மார்க்கைக் காட்டி மிரட்டுகிறார் என்று யாரோ எழுதியிருந்தார்கள். எழுதியது யார் என்று டீனுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பக்கத்தின் மேலேயே 'பெயர் பதிவாகாது' என்று போட்டிருக்கிறோம். பொய்யில்லை, டேட்டாபேஸில் பெயர் கிடையாது. ஆனால் வெப் சர்வர் லாகில், அதாவது அது தானாக எழுதிவைக்கும் பதிவில், நேரமும் ஐபி முகவரியும் (நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்குக் கொடுத்த எண்) இருக்கும். அந்த நேரத்தில் அந்த ஐபி எந்த லேப்டாப்பில் இருந்தது என்பதை, அந்த எண்ணைக் கொடுக்கும் டிஎச்சிபி சர்வரின் லாக் சொல்லும். அந்த லேப்டாப் யாருடைய ஐடியில் வைஃபைக்குள் வந்தது என்பதை, லாகினைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரின் லாக் சொல்லும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். லாகை அழித்துவிடவும் வழியில்லை. 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு.

ரிஜிஸ்ட்ரார் கையெழுத்தோடு எழுத்தில் கொடுங்கள் என்றேன். இதற்கெல்லாமா லெட்டர் என்றார் டீன். லெட்டர் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் கேட்டேன். இப்படி ஒன்றை எழுதி யார் கையெழுத்துப் போடுவார்கள்?

அதில் எனக்குத் திருப்திதான். பையன் அதைக் கேட்கும்வரை.

முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை வார்டனோடு ஒரு மாணவி வந்தாள். அவள் ஐடியில் யாரோ நுழைந்து, அவள் பெயரில் வகுப்புப் பையன்களுக்கு அசிங்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். உள் புகார்க் குழுவின் கடிதம் திங்கட்கிழமைக்கு முன் கிடைக்காது. நான் காத்திருக்கவில்லை. அன்று இரவே லாகை எடுக்க வைத்தேன். எடுத்தவன் இதே பையன்தான்.

"அது வேற தம்பி. அந்தப் பொண்ணு அழுதுட்டு நின்னா."

"இதை எழுதினவனும் பயந்துட்டுதான் சார் எழுதியிருப்பான். நான் டீனுக்குக் குடுங்கன்னு சொல்லல. யாருக்கு எடுக்கணும், யாருக்குக் கூடாதுன்னு நீங்களே முடிவு பண்றீங்க. நாளைக்கு உங்க சீட்டுக்கு டீனோட ஆள் வந்தா?"

நான் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் ஹெட்டின் அதிகாரம் என்றால் லேப் சாவியும் பிரிண்டர் பேப்பரும்தான். இன்று எந்த மாணவர் எந்த நேரம் எந்தக் கட்டடத்தில் இருந்தார் என்பதுவரை என் கைக்குள் இருக்கிறது. இதை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. வைஃபை போட்டோம், கூடவே வந்தது.

அந்தப் பெண் கேட்டது அவள் கணக்கைப் பற்றி, டீன் கேட்டது இன்னொருவரைப் பற்றி. இது நல்ல காரணம், இன்றும் நிற்கும். ஆனால் அந்த மாலை இது என் மனதில் இல்லை, பிறகு யோசித்துப் பிடித்தது. அவள் கோலார் தங்கவயல்காரி, என்னிடம் தமிழில்தான் பேசினாள். அதுவும் ஒரு காரணமாக இருந்ததோ என்று நினைக்கும்போது மனது சங்கடப்படுகிறது. இல்லை என்றுதான் நம்புகிறேன்.

இப்போது ஒரு விதி எழுதியிருக்கிறேன். யார் கேட்டாலும், நானே கேட்டாலும், இரண்டு கையெழுத்து இல்லாமல் லாகைத் தொடக் கூடாது. பையன் படித்துவிட்டு சரி என்றான். இந்த விதி அன்றே இருந்திருந்தால், திங்கட்கிழமை வாம்மா என்று அவளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். என்னால் அனுப்பியிருக்க முடியாது.