ஃப்ரேமை வெட்டாமல் ஒரு குரூசர்

குரூசர், அதாவது காலை முன்னால் நீட்டிச் சாய்வாக உட்கார்ந்து ஓட்டும் தாழ்வான வண்டி வேண்டும் என்று வரும் அண்ணாச்சிமார் பெரும்பாலும் போனில் ஒரு படத்தோடுதான் வருவார்கள். முன் ஃபோர்க் நீண்டிருக்கும், ஹேண்டில்பார் உயர்ந்திருக்கும், பின்டயர் அகலமாக இருக்கும். படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவருடைய கால் நீளத்தையும் கை எட்டையும் அளந்து எழுதுங்கள். எந்த ரோட்டில் அதிகம் ஓட்டுவார் என்று கேளுங்கள். திருநெல்வேலிக்குள்ளேயே வண்ணார்பேட்டைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஓடும் வண்டி வேறு, வாராவாரம் நாகர்கோவில் போய்வரும் வண்டி வேறு.

பழைய ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 350 இதற்கு நல்ல அடிப்படை. 346 சிசி இன்ஜின், 4000 ஆர்பிஎம்மில் 28 நியூட்டன் மீட்டர் டார்க். இழுவை கீழேயே கிடைப்பதால் இன்ஜினைத் தொட வேண்டியதில்லை.

ஃப்ரேமையும் தொடக்கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டிக்குப் பதிவு கிடையாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்கலாம். எதை மாற்றுவதானாலும் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு, ஆர்சியில் ஏற்ற வேண்டியதை ஏற்றிய பிறகு ஸ்பேனரை எடுங்கள். இதை வாடிக்கையாளரிடம் அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வெட்டாமலேயே குரூசர் நிலை கிடைக்கும். வீல்பேஸ் (இரண்டு சக்கர மையங்களுக்கும் நடுவே உள்ள தூரம்) 1350 மி.மீ. உள்ள வண்டியில் பின்பக்கத்தை 25 மி.மீ. இறக்கினால் ஃபோர்க் சாய்வு சுமார் 1 டிகிரி கூடும். 19 இஞ்ச் முன்சக்கரமும் 27 டிகிரி சாய்வும் இருந்தால் டிரெயில், அதாவது ஸ்டியரிங் அச்சை நீட்டினால் ரோட்டைத் தொடும் இடத்துக்கும் முன்டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம், ஏறக்குறைய 7 மி.மீ. கூடும். நேர் ரோட்டில் வண்டி நிதானமாக நிற்பது கையிலேயே தெரியும். ஃப்ரேமை வெட்டிச் சாய்வை 33 டிகிரிக்குக் கொண்டுபோனால் டிரெயில் 40 மி.மீ. கூடிவிடும், டவுன் ரதவீதி நெரிசலில் மெதுவாகத் திருப்பும்போது முன்சக்கரம் தானாக ஒருபக்கம் விழும். பின்பக்கம் இறக்கியதும் சைடு ஸ்டாண்டையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நிமிர்ந்து நின்று, லேசாகத் தட்டினாலே மறுபக்கம் சாயும். இரண்டு பேரை உட்காரவைத்து, டயர் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

அதிகம் கெட்டுப்போவது ஃபார்வர்ட் கன்ட்ரோலில்தான், அதாவது கால்மிதியையும் பெடல்களையும் முன்னால் தள்ளி வைப்பதில்தான். கால்மிதியை 20 செ.மீ.க்கு மேல் முன்னால் தள்ளாதீர்கள். நம் ஊர்களில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை. கால் முன்னால் நீண்டு, மிதியில் எழுந்து நிற்க முடியாதவருக்கு அடி முழுவதும் முதுகுத்தண்டில் இறங்கும். பிராக்கெட்டை ஃப்ரேமில் வெல்ட் வைக்காமல், 8 மி.மீ. தகட்டில் செய்து இன்ஜின் மவுண்ட் ஓட்டைகளில் 8.8 கிரேடு நீள போல்ட் போட்டு இறுக்கலாம். கியர் ராடின் ஒரு முனையில் வலப்புரி, மறுமுனையில் இடப்புரி இருந்தால் கழற்றாமலே நீளத்தைச் சரிசெய்யலாம். ராடு மாட்டும் பெடல் பக்கக் கையும், ஸ்பிண்டில் (இன்ஜினிலிருந்து வரும் கியர் தண்டு) பக்கக் கையும் ஒரே நீளம், ஒரே திசை. ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் பார்த்தால் கியர் தலைகீழாகும். முதல் கியர் மேலே போய்விடும். பெடல் பக்கம் 50, ஸ்பிண்டில் பக்கம் 70 மி.மீ. என்றால் பாதம் 1.4 மடங்கு நகர வேண்டும், கியர் பாதியில் நின்று நியூட்ரலுக்கு நழுவும். ராடு இரண்டு கைகளோடும் செங்கோணத்தில் நிற்க வேண்டும்.

ஹேண்டில்பாரைத் தோளுக்கு மேல் உயர்த்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பணகுடி தாண்டிக் காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, கையை உயர்த்தி உட்கார்ந்தவர் உடம்பு பாய்மரமாகிவிடும். ஹேண்டிலில் மாட்டும் பெரிய விண்ட்ஷீல்டும் அங்கே ஆபத்துதான், காற்று நேராக ஸ்டியரிங்கைத் திருப்பும். ஹேண்டில் உயரம் கொஞ்சம் கூடினாலும் கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்களையும் பிரேக் ஹோஸையும் நீளமானதாக மாற்றுங்கள். ஹோஸில் ஒட்டுப்போடும் பேச்சே கூடாது. வாஷர் புதிது, டாட் 4 ஆயில் புதிது, காற்று முழுக்க வெளியேறும்வரை பிளீடிங். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது.

பின்டயரைப் பெரிதாக்கும் ஆசைக்கும் எல்லை உண்டு. குறுகலான ரிம்மில் அகல டயர் போட்டால் நடுப்பகுதி உருண்டு, ரோட்டைத் தொடும் பரப்பு குறையும், செயினும் உரசும்.

வயரிங்கில் ஒன்று மட்டும். 60 வாட் ஹெட்லைட் 5 ஆம்பியர் இழுக்கும். அதற்கு ரிலேயும் (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) தனி ஃபியூஸும் போடுங்கள். ஈயம் வைத்த இணைப்பு அதிர்வில் ஓரத்தில் ஒடியும், கிரிம்ப் செய்வதே, அதாவது டெர்மினலை வயரோடு நசுக்கிப் பிடிப்பதே நல்லது.

உவரி, கூத்தங்குளிப் பக்கம் வைத்திருக்கப் போகிற வண்டியில் குரோமைக் குறைத்துப் பவுடர் கோட்டிங்கைக் கூட்டுங்கள். உப்புக்காற்று முதலில் ஸ்போக்கையும் போல்ட் தலையையும்தான் பிடிக்கும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடும்போது ஆன்டி சீஸ் கிரீஸ் தடவாவிட்டால் மறுமுறை கழற்றும்போது மரை கையோடு வரும்.

டெலிவரி கொடுத்து 500 கி.மீ. ஓடியதும் வண்டியைத் திரும்ப வரச்சொல்லுங்கள். கால்மிதி போல்ட், ஹேண்டில் கிளாம்ப், ஸ்போக் மூன்றும் அதற்குள் லேசாகத் தளர்ந்திருக்கும்.