முதலில் டீச்சரைப் பேருந்தில் ஏற்றுங்கள்

நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவிலிருந்து இரண்டு கேள்விகள் வந்தன. பள்ளி நாள்களைப் பற்றி ஏதாவது எழுதித் தர முடியுமா என்பது ஒன்று. இந்த ஆண்டு சங்கப் பணத்தைச் சுற்றுச்சூழல் கல்விக்கு ஒதுக்கலாம் என்றிருக்கிறோம், பள்ளிக்கு என்ன வாங்கி அனுப்பலாம் என்பது இன்னொன்று. லண்டனிலும் பாரிஸிலும் குடியேறி இத்தனை காலம் ஆன பிறகும் மொரீஷியஸில் நம் மாயேபூர்ப் பள்ளிப் பிள்ளைகளை நினைக்கிறீர்களே, சந்தோஷம். ஆனால் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்: எதையும் வாங்கி அனுப்பாதீர்கள். பேருந்து வாடகை கொடுங்கள். அதிலும் முதல் பேருந்தில் பிள்ளைகள் ஏற வேண்டாம், ஆசிரியர்கள் ஏறட்டும்.

இந்தப் பதில் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், அது முதல் கேள்வியில்தான் போய் நிற்கிறது.

நான் முதல் படிவத்தில் சேர்ந்தது 1977இல். மொரீஷியஸில் இடைநிலைப் பள்ளிக் கட்டணம் ரத்தான ஆண்டு அது. 1975 மே மாதம் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதன் பலன் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், கட்டணம் இருந்திருந்தால் அப்பா அண்ணனை மட்டும்தான் அனுப்பியிருப்பார். கரும்புத் தோட்டத்துச் சம்பளம், அவரைக் குறை சொல்வதற்கில்லை. என்னைப் போல அந்த ஆண்டு எத்தனையோ பெண்பிள்ளைகள் வந்து சேர்ந்தோம். பள்ளி பிதுங்கியது. தமிழ் எடுத்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான் என்பதால் எங்களுக்கென்று அறையே கிடையாது. வேறு பாடத்துக்கு இடம் வேண்டுமென்றால் முதலில் கிளப்பப்படுவது நாங்கள்தான். தமிழ் ஐயா சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, வாங்க பிள்ளைகளா" என்பார். கொஞ்ச நாள் வாதுமை மரத்தடியில் வகுப்பு நடந்தது. அப்புறம் அதுவும் போதாமல், பள்ளி வாசலைத் தாண்டியே நடக்கத் தொடங்கிவிட்டார்.

அதே 1977 அக்டோபரில்தான் திபிலிசி நகரில் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து, சுற்றுச்சூழல் கல்விக்காக அரசுகளின் முதல் மாநாட்டைக் கூட்டின என்று பிற்பாடு படித்தேன். நேரில் பார்த்தும் கையால் செய்தும் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அங்கே பேசி முடிவெடுத்தார்கள். ஐயாவுக்கு அதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. அவர் எங்களை வெளியே கூட்டிப்போனதற்கு ஒரே காரணம், உள்ளே நாற்காலி இல்லை.

லா ஷோ ஆற்றின் மேலுள்ள கேவண்டிஷ் பாலம்தான் அவருக்குப் பிடித்த இடம். வில் நுவார் பக்கம் போகும் வண்டிகள் எங்களை ஒட்டிக்கொண்டு போகும். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஐந்திணை நடத்துவார். சிங்க மலையைக் காட்டிக் குறிஞ்சி என்பார். கரும்பு வயல் மருதம். முன்னால் விரிந்த கடல் நெய்தல். முல்லைக்கு மட்டும் ஃபெர்னே பக்கத்துக் காட்டை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். பாலை எங்கே என்று கேட்டால், "பரீட்சை நேரத்தில் உங்கள் மூளை" என்பார். பாட்டில் தாழை வந்த அன்று எங்களைக் கரைக்கே கூட்டிப்போனார். அங்கே நின்றது வக்குவா மரம். எங்கள் அம்மா சந்தைக்குக் கொண்டுபோகும் பை அதன் ஓலையில் முடைந்ததுதான். விழுதுபோல் நிலத்தில் ஊன்றிய வேர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தமிழ்நாட்டுத் தாழை இதற்குச் சொந்தக்காரி, மணம் மட்டும் அவளுக்குக் கூடுதல் என்றார். சவுக்கைப் பார்த்து இது எந்தத் திணை ஐயா என்று ஒருத்தி கேட்டாள். "அது இந்த ஊர் மரமே இல்லை. நம்மைப் போலக் கப்பலில் வந்தது. வந்த இடத்தில் காற்றைத் தடுத்துக்கொண்டு நிற்கிறது" என்றார். நாங்கள் சிரித்தோம். பயிர்க்கும் களைக்கும், ஊர் மரத்துக்கும் வந்த மரத்துக்கும் என்ன வேறுபாடு என்று பாடம் எடுக்கும் யாரும் மொரீஷியஸில் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறத்தான் வேண்டும். 1834 முதல் கூலிக்கு ஒப்பந்தமாகிக் கப்பல் கப்பலாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாம்ப்லெமூஸ் தாவரவியல் தோட்டத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போனது உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். எல்லாரும் தட்டுத் தட்டாக மிதக்கும் அந்தப் பெரிய அல்லி இலைகளைப் பார்க்க ஓடினார்கள். ஐயா எங்களைத் தாளிப்பனையின் கீழ் நிறுத்தினார். வாழ்நாளில் ஒரே தடவை பூத்து, காய்த்து, பிறகு பட்டுப்போகும் மரம். ஓலைச்சுவடிக்கு இந்தப் பனையின் ஓலையையும் பயன்படுத்தினார்கள் என்று சொல்லி, கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்து, பேனா மூடியின் கூரான நுனியால் 'அ' என்று கீறிக் காட்டினார். கீறல் முதலில் தெரியவே இல்லை. விரலில் கொஞ்சம் மண்ணை எடுத்துத் தேய்த்தார். எழுத்து மேலே வந்தது. சுவடிக்குக் கரி தடவுவார்கள், இப்போதைக்கு மண் போதும் என்றார். மொழி வகுப்பா, தாவர வகுப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் நான் தமிழாசிரியை ஆனேன் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். சொல்லிவிட்டேன், போகட்டும்.

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பயிற்சி, பிறகு நம் பள்ளிக்கே வேலை. அந்தக் கதையை நீட்ட வேண்டாம். நான் வந்தபோது அறைகள் கட்டியாகிவிட்டன, தமிழுக்கும் ஓர் அறை உண்டு. வெளியே போவதுதான் நின்றுபோயிருந்தது. கேம்பிரிட்ஜ் தேர்வு, மாலையில் டியூஷன், பெற்றோருக்கு மதிப்பெண் கவலை. வெளியே கூட்டிப்போக வேண்டுமென்றால் அனுமதிக் கடிதம், பெற்றோர் கையெழுத்து, பேருந்து, குளவி கொட்டினால் யார் பொறுப்பு என்ற கேள்வி. நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் தேடி முடிப்பதற்குள் தவணை முடிந்துவிடும்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு நல்லெண்ண அமைப்பு சுவரொட்டிகள் அனுப்பியது. வழவழப்பான தாள், அருமையான படங்கள். பனிக்கரடி, பாண்டா, அமேசான் காடு. நூலகத்தில் வரிசையாக ஒட்டினோம். எங்கள் தீவின் ஓர் இலைகூட அதில் இல்லை. பனிக்கரடி ஏன் மெலிகிறது என்று நம் பிள்ளைகள் மூன்று மொழியில் சொல்வார்கள். மாயேபூர்க் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற இல் ஓ ஸெக்ரெத் தீவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அனுப்பியவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு நம் ஊர் எங்கே தெரியும்? உங்களுக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

அந்தத் தீவு 26 ஹெக்டேர்தான். பவளச் சுண்ணாம்புப் பாறையாலான திட்டு, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 1965இல் இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். மொரீஷியஸின் உலர்ந்த கடலோரக் காட்டில் கடைசியாக மிஞ்சிய துண்டு அங்கேதான் இருக்கிறது. மொரீஷிய வனவிலங்கு அறக்கட்டளைக்காரர்கள் களையைக் கையால் பிடுங்கி, எலிகளை ஒழித்து, நாற்று வளர்த்து அதை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1990 வாக்கில் காட்டில் பத்துச் சொச்சமாகச் சுருங்கிப்போயிருந்த இளஞ்சிவப்புப் புறா இன்று அங்கே தலைக்கு மேலே உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறது. காலில் நிற நிறமாக வளையம். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே அந்த அறக்கட்டளை ஒரு களப்படிப்புத் திட்டமும் நடத்துகிறது.

நம் பிள்ளைகள் முதல் தடவை போனபோது நடந்ததைச் சொல்கிறேன். வழிகாட்டிப் பெண் பாதையோரம் கிடந்த ஆமைச் சாணத்தைக் காட்டி, ஒரு குச்சியை நீட்டினாள். "மிஸ், இதையா கிளறணும்?" என்று ஒரு பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் பதில் சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டே கிளறினான். காய்ந்த புல் நார், அதற்குள் வழவழவென்று பழுப்பு விதைகள். தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்துக் கழுவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். கருங்காலி விதை. மொரீஷியஸுக்கே உரிய பெரிய ஆமைகளை மாலுமிகள் தின்றே தீர்த்த பிறகு, பழத்தை விழுங்கி விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட ஆளில்லாமல் மரத்தடியிலேயே விதைகள் வீணாயின. 2000இலிருந்து அல்தாப்ரா ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆமை வயிற்றில் போய்வந்த விதைதான் நன்றாக முளைக்கிறது என்று வழிகாட்டி கிரியோலில் சொன்னதும், அத்தனை பேருக்கும் குச்சி வேண்டுமாம். கயிற்றால் சதுரம் கட்டி, அதற்குள் முளைத்த கன்றுகளை எண்ணி எழுதினார்கள். திரும்பும் படகில் மூக்கைச் சுளித்த பையன்தான் அதிகம் பேசினான்.

அடுத்த வாரம் என்ன ஆயிற்று? ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குக் கேள்விகள் நிறைய இருந்தன, அவற்றைக் கேட்க ஆளில்லை. தாவரம் நடத்துகிற ஆசிரியர் தீவுக்குப் போனதே இல்லை. புவியியல் ஆசிரியருக்கும் அதே நிலை. சுற்றுலா என்று ஒரு நாள் கழிந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து ஆசிரியர்களை மட்டும் கூட்டிப்போனோம். தலைமையாசிரியரிடம் ஒரு சனிக்கிழமையை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கணக்கு டீச்சர் குதிகால் செருப்போடு வந்திறங்கினார். பிரெஞ்சு ஆசிரியர் காலை முழுக்க வெயிலைத் திட்டினார். ஆனால் அவர்களுக்கும் அதே குச்சி, அதே சாணம். மதியம் தால்பூரி சாப்பிடும்போது பேச்சு மாறிவிட்டது. சதுரத்துக்குள் எண்ணிய கன்றுகளை வைத்து முழுத் தீவுக்கும் எத்தனை என்று கணிப்பது எப்படி என்று கணக்கு டீச்சர் காகிதப் பையின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டிலிருந்து இன்றுவரை தீவுக்குப் போகும் வகுப்புக்குப் போகுமுன் ஒரு பாடமும் வந்தபின் ஒரு பாடமும் உண்டு. யாரும் உத்தரவு போட்டதில்லை.

வெளியே போன ஆசிரியருக்குத்தான் சங்கடமான கேள்வியைச் சமாளிக்கத் தெரியும். சீனக் கொய்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பும் மிளகாயும் தொட்டு அந்தச் சிவப்புப் பழத்தைத் தின்னாத மொரீஷியப் பிள்ளை கிடையாது. நம் காட்டை நெரித்துக்கொண்டிருப்பதில் முதல் எதிரியும் அதுதான். மொரீஷியஸின் சொந்தக் காடு நல்ல நிலையில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட மிஞ்சவில்லை என்று அறையில் உட்கார்ந்து சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பிளாக் ரிவர் மலைப்பாதையில் கொய்யா புதர்கள் சுவர்போல் அடைத்து, கீழே ஒரு கன்றுகூட எழ முடியாமல் கிடப்பதைக் காட்டினால், "அப்போ பழம் தின்னக் கூடாதா மிஸ்?" என்று கேட்பார்கள். தின்னலாம், நன்றாகத் தின்னு, விதையைக் காட்டுக்குள் துப்பாதே என்பேன். தடை போட்டால் எந்தப் பிள்ளையும் கேட்காது.

2020 ஜூலை 25ஆம் தேதி வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி பவளப் பாறையில் ஏறி நின்றதும், ஆகஸ்டில் ஆயிரம் டன் அளவு எண்ணெய் கடலில் கொட்டியதும் உங்களுக்குத் தொலைக்காட்சியில் தெரிந்திருக்கும். நாங்கள் மாயேபூர்க் கரையில் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து, மிதக்கப் பிளாஸ்டிக் போத்தல் கட்டி, எண்ணெயைத் தடுக்க நீண்ட தடுப்புகள் தைத்துக்கொண்டிருந்தோம். நம் பழைய மாணவர்கள் பலரும் அங்கே இருந்தார்கள். இல் ஓ ஸெக்ரெத் தீவின் நாற்றங்கால் செடிகளையும் சில சிறு பறவைகளையும் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்த செய்தி வந்தபோது, அது என்ன செடி, ஏன் இவ்வளவு அவசரம் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தது அவர்கள்தான்.

இனிக் கணக்கு விஷயம். கடலைப் பற்றிச் சொல்லித்தரும் பிஸ் லாமேர் வண்டி பள்ளி பள்ளியாகப் போகிறது. நல்ல வேலை, கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களுக்கு அது வேண்டும். நமக்குக் கடல் நடந்துபோகும் தூரம், ஆகவே அதற்குப் பணம் வேண்டாம். நமக்கு வேண்டியது: புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்குத் தீவில் ஒரு நாள், ஃபெர்னே பள்ளத்தாக்கில் ஒரு நாள். அதற்குப் பேருந்தும் சாப்பாடும். அதன் பிறகு ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் பேருந்து. தொப்பி வாங்க முடியாத பிள்ளைகளுக்குத் தொப்பி. கணினி வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம். சங்கத்தின் பெயரைப் பேருந்தில் எழுதலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார், வாடகைப் பேருந்தில் எழுத விடமாட்டார்கள்.

சூறாவளிக் காலம் முடிந்து, இரண்டாம் தவணையில் வெயில் தணிந்த பிறகு போவதுதான் வசதி. வழக்கமாக வரும் பேருந்துக்காரரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லிவைத்திருக்கிறேன். மார்ச் கடைசிக்குள் பணம் வந்துவிட்டால் முன்பணம் கட்டிவிடலாம். அதற்குள் உங்களில் யாராவது விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், ஆசிரியர்களோடு நீங்களும் ஏறிக்கொள்ளலாம். குதிகால் செருப்பு மட்டும் வேண்டாம்.