மற்ற மூன்று கால்கள்

பந்தயக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் பணியில் சேர்ந்த புதிதில், எங்கள் மூத்த மருத்துவர் தினமும் காலையில் அடிபட்ட காலை விட்டுவிட்டு நல்ல காலையே முதலில் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு, வயதானவர், மறதியில் செய்கிறார் என்றே நினைத்தேன். கட்டு வலது முன்னங்காலில் இருக்கும். அவரோ இடப்புறம் குந்தி உட்கார்ந்து, குளம்பின் சூட்டைப் புறங்கையால் பார்த்துவிட்டு, கணுமூட்டின் பின்புறம் இரண்டு விரல்களை வைத்து, நெடுநேரம் நாடி பார்ப்பார். அந்த நாடி மெலிதாக, தேடினால்தான் கிடைக்கும் அளவுக்கு இருந்தால் நிம்மதியாக எழுந்துகொள்வார். தேடாமலே விரலில் வந்து தட்டினால் அன்றைக்கு அவர் யாரிடமும் சரியாகப் பேச மாட்டார்.

காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒரு பந்தயக் குதிரையின் எடை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ வரை இருக்கும். நிற்கும்போது அதில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. ஒரு கால் முறிந்தால் அதன் பங்கையும் சேர்த்து எதிர்க்கால் இரவு பகலாகச் சுமக்க வேண்டும். குளம்புக்குள் இருக்கும் எலும்பு தரையில் ஊன்றி நிற்பதில்லை. மெல்லிய மடல்களைப் போன்ற திசுக்களால் குளம்புச் சுவரோடு பிணைக்கப்பட்டுத் தொங்குகிறது. கால் மாறி மாறி அழுந்தியும் தளர்ந்தும் இருந்தால்தான் அந்தத் திசுக்களுக்கு இரத்தம் ஒழுங்காகச் செல்லும். ஓயாமல் அழுந்தியே இருக்கும் காலில் பிணைப்பு விட்டுப்போய், எலும்பு கீழே இறங்கத் தொடங்குகிறது. குளம்பு அழற்சி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தேடாமலே விரலில் தட்டும் நாடி இதன் அறிகுறி.

2006-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரை, இரண்டே வாரங்களில் அங்கேயே நடக்கும் ப்ரீக்னெஸ் என்ற இன்னொரு பெரிய பந்தயத்தின் தொடக்கத்திலேயே வலது பின்னங்காலைப் பல இடங்களில் முறித்துக்கொண்டது. தகடும் இருபதுக்கும் மேற்பட்ட திருகாணிகளும் வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். 1975-இல் ரஃபியன் என்ற பெண் குதிரை, அறுவை சிகிச்சைக்குப் பின் மயக்கம் தெளியும்போது கால்களை உதறி எல்லாவற்றையும் பாழாக்கிக்கொண்ட கதை இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த நிலை வராமலிருக்க, பார்பரோவை மிதவையில் இருத்தித் தண்ணீர்த் தொட்டிக்குள் கண்விழிக்கச் செய்தார்கள். முறிந்த எலும்பு கூடி வந்தது. ஆனால் உடையாத இடது பின்னங்காலில் அழற்சி கண்டது. பின்னர் முன்னங்கால்களுக்கும் அது பரவ, 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று.

இத்தகைய முறிவுகள் செய்தியாகின்றன. எங்கள் அன்றாட வேலையோ தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களோடுதான். குதிரையின் முன்னங்கால் முட்டிக்குக் கீழே தசை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எலும்பு, நாண், தோல், அவ்வளவுதான். பாய்ச்சலில் அந்த நாண் அறுந்துவிடும் எல்லைவரை நீண்டு மீள்கிறது. இழைகள் கிழிந்தால் காலின் பின்புறம் வில் போல வளைந்து புடைக்கும். அல்ட்ராசவுண்ட் திரையில் கிழிந்த இடம் கரும்புள்ளியாகத் தெரியும். வீக்கமும் சூடும் சில வாரங்களில் வடிந்துவிடுவதுதான் இதில் பெரிய சங்கடம். குதிரை துள்ளுகிறது, உரிமையாளருக்கு நம்பிக்கை பிறக்கிறது. உள்ளே உருவாகும் தழும்புத் திசுவோ நெகிழ்வற்றது, உறுதிப்பட ஒன்பது மாதம், சில சமயம் ஓராண்டும் கேட்பது. முதலில் லாயத்திலேயே ஓய்வு, பிறகு கையில் பிடித்துப் பத்து நிமிட நடை, பிறகு பதினைந்து என்று ஏற வேண்டும். இதில் மருத்துவரின் திறமைக்கு இடம் குறைவு. காலத்துக்கு யார் பணம் கட்டுவது என்பதே கேள்வி.

நானும் ஒரு முறை தவறினேன். ஐந்தாம் மாதம் ஓர் உரிமையாளர் அவசரப்பட்டார். அவரைப் பகைத்துக்கொள்ளத் துணியாமல், "மேலும் சில காலம் ஓய்வு நல்லது" என்று குறிப்பில் எழுதினேன். "ஓடக் கூடாது" என்று எழுதியிருக்க வேண்டும். அந்தக் குதிரை அதே காலோடு திரும்பி வந்தபோது கரும்புள்ளி இரண்டு மடங்காகியிருந்தது. அதன் பந்தய வாழ்வு அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு என் குறிப்புகளில் "நல்லது" என்ற சொல்லையே நான் பயன்படுத்துவதில்லை.

ஓட்டம் முடிந்த குதிரைக்கு எஞ்சியிருக்கும் காலம் நீண்டது. இரண்டு வயதில் ஓடத் தொடங்கும் குதிரை, பெரும்பாலும் ஐந்தாறு வயதுக்குள் களத்தை விட்டு விலகுகிறது. இருபத்தைந்து வயதுவரை வாழக்கூடியது. 1986-இல் டெர்பியை வென்ற ஃபெர்டினாண்ட், 2002-இல் ஜப்பானில் இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டதாகத் தெரியவந்தபோதுதான் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். டெர்பி வென்றதற்கே அந்தக் கதி என்றால், ஒரு பந்தயமும் வெல்லாத குதிரைகளைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

ஓய்வுக்கு வரும் குதிரையை வேறு வேலைக்குப் பழக்குபவர்கள் முதலில் திகைப்பது கடிவாளத்தில்தான். மற்றக் குதிரைகள் வாரை இழுத்தால் நிற்கும். பந்தயக் குதிரையோ, இழுப்பு இறுகினால் அதன்மேல் சாய்ந்து இன்னும் வேகமெடுக்கவே பழகியது. அதைத் திட்டி என்ன பயன்? சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்கிறது. வயிற்றுப்புண்ணும் பெரும்பாலானவற்றுக்கு இருக்கும்; தானியத்தைக் குறைத்து, நாள் முழுவதும் புல் மேயவிட்டு, மருந்தும் கொடுத்தால் ஆறும். பழக்கம் மாறத்தான் நாளாகும். புல்வெளியில் அவிழ்த்துவிட்டாலும் சில குதிரைகள் முதல் சில நாள்கள் வாயிற்கதவருகிலேயே, காலைப் பயிற்சி நேரம் வந்ததும் காதை நிமிர்த்தி, யாராவது சேணத்தோடு வருவார்கள் என்று நிற்கும்.

அப்படி நின்ற குதிரை ஒன்று. முன்னங்காலில் பழைய வில் புடைப்பு, ஏழு வயது. மூன்றாவது வாரம் ஒரு முற்பகலில் அது வெளியின் நடுவே பக்கவாட்டில் நீட்டிக் கிடப்பதைத் தூரத்திலிருந்து கண்டேன். எங்கள் தொழிலில் பகலில் குதிரை தரையில் கிடந்தால் முதலில் நினைவுக்கு வருவது வயிற்றுவலிதான். பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அருகில் போய்க் குனிந்தால் வேர்வை இல்லை, வயிற்றில் இரைச்சல் சரியாகக் கேட்டது, மூச்சு நிதானமாக வந்தது. நாடி பார்க்க முன்னங்கால் கணுவில் விரல் வைத்தேன். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. குதிரை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பிறகு உதட்டை ஒருமுறை அசைத்துவிட்டு மறுபடி தூங்கிப்போனது.