முகப்பில் கூடுகிற சபை

அக்டோபர் 20, ஞாயிறு

காலையிலிருந்து மழை. ஆத்தங்குடிக் குடும்பம் வரவில்லை, காரைக்குடியில் பஸ் மாறி பள்ளத்தூர் வருவதற்குள் ஆராதனையே முடிந்துவிடும் என்று போனில் சொன்னார்கள். இரண்டாவது பாயை விரிக்கவில்லை. ஆனால் மில் அக்கா இன்று முதல்முறையாக வாய்விட்டு ஜெபித்தார். புதுவயலில் நெல் அவிக்கிற வேலை, ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார், முந்தானையில் இன்னும் உமித்தூசி. "ஆண்டவரே, என் மகன் குடிக்கிறான், எனக்கு வேற யாருமில்ல, நீங்க பாத்துக்குங்க." அவ்வளவுதான். பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அதிகம் பேசத் தேவையில்லாமல் இருந்தது. ஸ்தோத்திரம்.

அக்டோபர் 22

நாங்கள் கூடுகிற இந்த வீட்டின் சொந்தக்காரர் ஆச்சி. அவருடைய மூத்த மகன் சென்னையிலிருந்து போன் செய்தார். பங்காளிகள் எல்லோரும் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்களாம். வேறொன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 25

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஆத்தங்குடி அண்ணன் குடும்பமாக ஞானஸ்நானம் கேட்கிறார். அவர், மனைவி, ப்ளஸ் டூ படிக்கிற மகள். சாயங்காலம் அவர் தரைக்கல் செய்கிற இடத்துக்குப் போயிருந்தேன். கண்ணாடிப் பலகையில் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றிக்கொண்டே பேசினார், கை நிற்கவில்லை. "எப்ப தருவீங்க பாஸ்டர்?" என்றார். கல்லைச் சூளையில் சுடுவதில்லை, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேனே தவிர என்னால் உடனே தேதி சொல்ல முடியவில்லை.

சொல்ல முடியாததற்குக் காரணம் சாதிச் சான்றிதழ். 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதியில் இல்லை. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990ல் பௌத்தரைச் சேர்த்தார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். பட்டியல் சாதிக்கான 18 சதவீத இடஒதுக்கீட்டில் இருக்கும் பிள்ளை ஒரே நாளில் வேறு வரிசைக்குப் போய் நிற்க வேண்டும். ஊரில் அவர்கள் இருக்கிற தெரு மாறுவதில்லை, டீக்கடையில் அவர்களைப் பார்க்கிற பார்வை மாறுவதில்லை, சான்றிதழ் மட்டும் மாறும். இது அநியாயம்.

எனக்கு மூத்த ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். "ஞானஸ்நானம் கொடுங்க, பதிவேட்டுல எழுதாதீங்க, எல்லாரும் அப்படித்தான்" என்றார். அவர் இரக்கத்தால்தான் சொல்கிறார், புரிகிறது. ஆனால் சபைக்கு முன்னால் ஒருவரைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, தாசில்தார் கேட்டால் இல்லை என்று சொல் என்று அந்தப் பெண்ணுக்கு நானே சொல்லித்தருவதா? முடியாது. வேண்டாம், பொறு என்று சொல்லவும் வாய் வரவில்லை. முழுவதையும் அவர்களிடம் சொல்லிவிடுவதுதான் என் கடமை. முடிவு அவர்களுடையது.

அக்டோபர் 27, ஞாயிறு

திருவிருந்து. ஞானஸ்நானம் எடுக்காததால் அப்பத் தட்டு ஆத்தங்குடிக் குடும்பத்தைத் தாண்டிப் போகிறது, அப்போது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். என்னால் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 31, தீபாவளி

ஆச்சி வெள்ளைப் பணியாரமும் சீயமும் தூக்கில் போட்டுக் கொடுத்தனுப்பினார். நாமெல்லாம் சாப்பிடலாமா என்று மில் அக்காவுக்குத் தயக்கம். எண்பது வயதில் அடுப்படியில் நின்று சுட்டது, சாப்பிடாமல் எப்படி? எல்லோரும் சாப்பிட்டோம்.

தூக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "ஓரியூருக்கு எங்க ஐயாவும்தான் வண்டி கட்டிப் போவாக தம்பி, அந்தச் சாமியாரும் நீங்களும் ஒண்ணா?" என்றார். அவர் கத்தோலிக்கர், எங்கள் சபை வேறு என்றேன், ஆச்சிக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஆனால் வீடு திரும்பியதிலிருந்து ஆச்சி சொன்ன அந்த ஓரியூர்ச் சாமியார் அருளானந்தர் நினைப்புதான். மறவர் தலைவர் தடியத்தேவர் அவரிடம் ஞானஸ்நானம் எடுப்பதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார், அதில் ஒருவர் ராமநாதபுரம் அரசர் சேதுபதிக்கு உறவு, அந்தக் கோபத்தில் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரை வெட்டினார்கள். விலக்கப்பட்ட அந்தப் பெண்கள் அப்புறம் எங்கே போனார்கள் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீரில் இறங்குகிறவர் ஒருவர், அதற்கு விலை கொடுக்கிறவர் இன்னொருவர்.

நவம்பர் 4

வாடகை கொடுத்தாயிற்று. மனைவி பிளவுஸ் தைத்த பணமும் சேர்ந்துதான்.

நவம்பர் 7

முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் டேப்போடு வந்து முகப்புத் தூண்களை அளந்துவிட்டுப் போனார். பர்மா தேக்கு. நிலைக்கதவையும் தட்டிப் பார்த்தார். ஆச்சி உள்ளே இருந்து வெளியே வரவில்லை. ஆளில்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமையாவது பேச்சுச் சத்தம் கேட்கட்டும் என்று எங்களுக்கு இடம் கொடுத்தவர் அவர்.

வேறு இடம் தேடுகிறேன். கோட்டையூரில் இரண்டு வீடு காலியாக இருந்தது. சபை என்றதும் ஒருவர் பேச்சை மாற்றினார், இன்னொருவர் "டியூஷன் சென்டர்னா தாரேன் சார், நீங்க நல்லவராத்தான் தெரியுது" என்றார். அப்படிச் சொல்லி வாங்க மனமில்லை. மனை வாங்கிக் கட்டலாம் என்றால் வழிபாட்டுக் கட்டடத்துக்குக் கலெக்டர் அனுமதி வேண்டும், அதற்கு முன் பணம் வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

எல்லாப் பாயும் நிறைந்துவிட்டது! ஆத்தங்குடியிலிருந்து புதிதாக ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் டம்பரின் தட்டிப் பாடினார்கள், தாளம் எங்கெங்கோ போயிற்று, யாருக்கும் கவலையில்லை. மில் அக்காவின் மகன் வந்திருந்தான். உள்ளே வரவில்லை, திண்ணையில் உட்கார்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டான். குடி வாடை இல்லை. அக்கா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் எழுந்து போய்விடுவானோ என்ற பயமாம். இந்த ஒரு நாளுக்காக எத்தனை வாரம் வேண்டுமானாலும் காத்திருப்பேன்.

நவம்பர் 13

ஞானஸ்நானத்துக்கு எந்தத் தண்ணீரில் இறக்குவது என்பதும் ஒரு கேள்வி. ஊருணி குடிதண்ணீர், அதில் யாரும் கால் நனைப்பதில்லை, அந்தக் கட்டுப்பாட்டை நானும் மதிக்கிறேன். கண்மாய் இந்த மழையில் நிறைந்திருக்கிறது, ஆனால் பாசி, போகிற வருகிறவர்களின் கண் வேறு. காரைக்குடியில் இன்னொரு சபை தங்கள் தொட்டியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பாஸ்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நவம்பர் 16

அண்ணனும் மகளும் வந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், 1950 உட்பட. "அப்ப நான் மட்டும் இப்ப எடுக்கிறேன், பாப்பா படிச்சு முடிக்கட்டும்" என்றார். அந்தப் பெண், "எனக்கு வேலைக்குச் சான்றிதழ் வேணும், ஆனா அப்பா முன்னாடி போயி நான் பின்னாடி நிக்க மாட்டேன்" என்று அழுதாள். என் மனைவி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அண்ணனும் நானும் டீ ஆறும்வரை பேசவில்லை.

நவம்பர் 19

ஆச்சிக்கு மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

நவம்பர் 22

பார்த்துவிட்டு வந்தேன். "உங்க சாமிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிவைங்க தம்பி" என்றார். கையைப் பிடித்து ஜெபித்தேன். பக்கத்தில் மருமகள் திருநீற்றுப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார், நான் முடிக்கும்வரை பொறுத்திருந்து அப்புறம் பூசிவிட்டார்.

நவம்பர் 24, ஞாயிறு

ஆராதனை முடியும்போது மூத்த மகன் வந்தார். இந்த மாதத்தோடு சரியாம். மரியாதையாகத்தான் சொன்னார், முன்பணத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். வருகிற ஞாயிறு அட்வெந்து, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் காலத்தின் தொடக்கம். மில் அக்கா தன் வீட்டுக் கொல்லையில் கூடலாம் என்கிறார், மகனே முள்ளை வெட்டிச் சுத்தம் செய்கிறேன் என்றானாம். ஆத்தங்குடி அண்ணன் இன்று தனியாக வந்தார். மகளைப் பற்றி நானும் கேட்கவில்லை.

நவம்பர் 26

பந்தல்காரரிடம் தார்ப்பாய் வாடகை விசாரித்தேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.