ஸ்பெல்லோ நாட்குறிப்பு: பூக்கோல வாரம்

ஜூன் 16, 2025, திங்கள்

இத்தாலியின் உம்பிரியா பகுதியில், சுபாசியோ மலைச்சரிவில் இருக்கிறது ஸ்பெல்லோ. கிறிஸ்துவின் திருவுடலைப் போற்றும் கத்தோலிக்கத் திருநாளான கார்ப்புஸ் தோமினிக்காக இங்கே தெருவெல்லாம் பூவால் படம் வரைவார்கள். இன்ஃபியொராத்தா என்று பெயர். ஈஸ்டர் முடிந்து ஒன்பதாவது ஞாயிறு அன்று திருநாள். இந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 20, ஆகவே ஜூன் 22. அடுத்த ஆண்டு ஜூன் 7.

தேதி தள்ளிப்போனால் கிடைக்கும் பூவும் மாறிவிடும். மே கடைசியில் வந்தால் வயலெங்கும் சிவப்புப் பாப்பி. ஜூன் பிற்பகுதியில் சமவெளியில் அது ஓய்ந்திருக்கும். மஞ்சளுக்கு வேண்டிய ஜினெஸ்ட்ரா என்ற புதர்ப்பூவையும் மலையில் மேலே ஏறித்தான் பறிக்க வேண்டும். அதனால்தான் பருவத்தில் கிடைப்பதை முன்கூட்டியே பறித்து உலர்த்தி வைக்கிறார்கள்.

ஜூன் 18, புதன்

பூ ஆயும் வேலையைப் பார்க்காமல் போகாதீர்கள். வாசலிலும் நிலவறையிலும் மேசை போட்டு, வயதான பெண்கள் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கையில் எடுத்த பூவிலிருந்து இதழை மட்டும் உருவிப் பெட்டியில் போடுவார்கள். காம்பும் பச்சைப் புல்லியும் கலந்துவிட்டால் நிறம் மங்கித் தெரியும்.

ஈரம்தான் முதல் எதிரி. பனித்துளியோடு பறித்த இதழைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் பழுப்பாகிவிடும். ஆகவே பனி உலர்ந்த பிறகே பறித்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி, குளிர்ச்சியான நிலவறையில் வைப்பார்கள். உலர்த்துவதென்றால் நிழலில்தான், வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். பாப்பி இதழ் காயும்போது கருஞ்சிவப்பாக இருண்டுவிடும், அதைக் கணக்கில் வைத்தே படத்தில் நிழல் விழும் பகுதிகளுக்கு அதை ஒதுக்குகிறார்கள். பச்சைக்குக் காட்டுச் சோம்பின் தழையைப் பொடியாக நறுக்குவார்கள். தெருவே மணக்கும்.

சாயம் தோய்க்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. முகத்தின் தோல் நிறம்கூடப் பூவிலும் இலையிலும் கிடைக்கும் சாயல்களைக் கலந்து வந்ததுதான். இந்த ஊரின் மேல் மரியாதை வருவதே இந்த இடத்தில்தான்.

ஜூன் 20, வெள்ளி

சாந்தா மரியா மஜோரே ஆலயத்தில் பாலியோனி சிற்றாலயத்தை இன்றே பார்த்துவிடுவது நல்லது. நாளை முதல் கூட்டம் நெரியும். மறுமலர்ச்சிக் கால ஓவியர் பின்துரிக்கியோ 1500-01இல் தீட்டிய சுவரோவியங்கள் இங்கே உள்ளன. வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் மங்கள வார்த்தை ஓவியத்தில், வலப்பக்கம் அலமாரியின் கீழே சட்டமிட்டு மாட்டியதுபோல் தன் முகத்தையே வரைந்து வைத்திருக்கிறார். காலடியில் 1566ஆம் ஆண்டின் தெரூத்தா ஊர்ப் பீங்கான் ஓடுகள்.

ஜூன் 21, சனி

மதியத்துக்குப் பிறகு தெருக்களில் கூடாரமும் விளக்கும் ஏறுகின்றன. கூடாரம் முக்கியமாகக் காற்றுக்காக. மலைத்தெருவில் ஒரு வீச்சு அடித்தால் போதும், பல மணி நேர வேலை பறந்துவிடும். காகிதத்தில் பெரிதாக வரைந்த கோட்டுருவத்தைத் தரையில் ஒட்டி, முதலில் விளிம்புக் கோடுகள், பிறகு உள்நிறங்கள். பொடித்த இதழை விரல்நுனியால் தூவுகிறார்கள். முழு இதழை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி அடுக்குகிறார்கள். இடைவெளி விட்டால் காகிதம் வெள்ளையாகப் பல்லிளிக்கும். அவ்வப்போது தண்ணீரைப் பனிபோலத் தெளித்துப் படிய வைக்கிறார்கள். அதிகமானால் உலர்ந்த பொடி கட்டிபட்டுவிடும்.

வேலை விடிய விடிய நடக்கும். ஞாயிறு மட்டும் வந்து போகிறவர்கள் இந்த இரவை இழக்கிறார்கள். பக்கத்து நகரமான ஃபொலிஞ்ஞோவுக்கு அடுத்த ரயில் நிலையம் இதுதான். ஆனால் நள்ளிரவுக்கு மேல் ரயிலை நம்ப வேண்டாம், தங்க இடம் பல மாதம் முன்பே பிடித்திருக்க வேண்டும். தெரு முழுக்க ஏற்றமும் கல்பாவலும். வழுக்காத செருப்பு அவசியம்.

ஜூன் 22, ஞாயிறு

கூடாரங்களைப் பிரித்ததும் படங்கள் முழுதாகத் தெரியும். ரோமானியர் காலத்துப் போர்த்தா கொன்சொலாரே வாயிலில் தொடங்கி மேல்நோக்கி நடந்தால் வரிசையாகப் பார்க்கலாம். படமெடுக்க அதிகாலையே நேரம். வெயில் ஏறினால் புதிய இதழ் சுருங்கும், கூட்டமும் அடைத்துவிடும்.

முற்பகலில் ஆயர் (பிஷப்) நற்கருணையை, அதாவது கிறிஸ்துவின் உடலாகப் போற்றும் அப்பத்தை, ஏந்தி ஊர்வலமாக வருகிறார், பூவின் மேலேயே நடந்து. படங்கள் போட்டதே இந்த நடைக்காகத்தான், அவர் கால் படுவதில் யாருக்கும் வருத்தமில்லை. பார்வையாளர்கள் மட்டும் ஓரத்திலேயே நிற்க வேண்டும்.