ஜூலியட் ஏன் சாகணும்?

ஷேக்ஸ்பியர் தன் புது நாடகமான 'ரோமியோ அண்ட் ஜூலியட்' கதையைப் பெருமையாகச் சொல்லிக்காட்டுகிறார். கடைசியில் காதலர்கள் இரண்டு பேரும் செத்துப்போகிறார்கள் என்றதும் மனைவி ஆன் ஹாத்தவே, "ஜூலியட் ஏன் சாகணும்?" என்று மல்லுக்கு நிற்கிறார். 'அண்ட் ஜூலியட்' இசைநாடகத்தின் கதை இந்தச் சண்டைதான். 2019-இல் மான்செஸ்டரில் அரங்கேறி லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி தியேட்டருக்கு வந்தது. அங்கேதான் அக்காவோடு பார்த்தேன்.

ஆன் மாற்றியெழுதும் கதையில், ரோமியோவின் பிணத்துக்குப் பக்கத்தில் கண்விழிக்கும் ஜூலியட் பாடுவது பிரிட்னி ஸ்பியர்ஸ் பாட்டு! எல்லாமே ஸ்வீடன் பாடலாசிரியர் மேக்ஸ் மார்ட்டின் கைவைத்த பழைய பாப் ஹிட்டுகள். இறுதிச்சடங்குக்கு ரோமியோவின் முன்னாள் காதலர்கள் வரிசையாக வந்து நிற்க, அரங்கமே அதிர்ந்தது. அப்புறம் ஜூலியட் தாதியையும் தோழிகளையும் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குக் கிளம்பிவிடுகிறாள். செத்த ரோமியோ இடைவேளைக்குச் சற்று முன் பான் ஜோவி பாட்டோடு திரும்பி வருகிறான்.

இரண்டாம் பாதியில் ஜோடி சேர்க்கிற வேலை கொஞ்சம் இழுவைதான். எனக்கு ஆன் ஹாத்தவேயைத்தான் பிடித்தது. நிஜ ஷேக்ஸ்பியர் தன் உயிலில் மனைவிக்கென்று எழுதிவைத்தது வீட்டின் இரண்டாவது நல்ல கட்டிலைத்தான். அந்த அம்மா இந்த மேடையில் பேனாவைப் பிடுங்கியதில் தப்பே இல்லை என்கிறாள் அக்கா.