‘ஸ்ஸ்ஸ்’ சத்தமும் தேவையில்லாமல் மாற்றிய ஆக்சிஜன் சென்சாரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் காரின் ஆக்சிஜன் சென்சாரில் (எக்ஸாஸ்ட் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்த்துச் சொல்லும் சென்சார்) ஒரு கோளாறும் இருந்ததில்லை. அதை மாற்றக் காசு கொடுத்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

சிக்னலில் நிற்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று விடாமல் ஒரு சத்தம். ஏசியாக இருக்கும் என்று நினைத்து அணைத்துப் பார்த்தேன்; நிற்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைச்சலில் அமுங்கிவிடும், அதனால் இரண்டு வாரம் கண்டுகொள்ளாமல் ஓட்டினேன். பிறகு ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம், ஆட ஆரம்பித்தது. 750-இல் நிற்க வேண்டிய ஆர்பிஎம் முள் 1100-க்கு ஏறும், சட்டென்று விழும், மறுபடி ஏறும். கூடவே செக் இன்ஜின் விளக்கு.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள். வந்த கோளாறு எண் பி0171, அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. “ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்” என்றார் மெக்கானிக். “சத்தம் வருதே?” என்று கேட்டேன். “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்.” பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. சென்சாரை மாற்றி, த்ராட்டில் பாடியை (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) சுத்தம் செய்து, விளக்கை அழித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் விளக்கு திரும்ப வந்துவிட்டது. சென்சார் தான் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறது. சேதி கொண்டுவந்தவனைத் தூக்கில் போட்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு நானே இறங்கினேன். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சின்ன ஓபிடி ஸ்கேனர் ஒன்றைக் கடன் வாங்கி ஃப்யூயல் ட்ரிம்மை, அதாவது கலவையைச் சரிசெய்ய கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைப் பார்த்தேன். ஐடிலில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டியது. 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 5-க்கு இறங்கியது. இது நல்ல துப்பு. இன்ஜின் காற்று உறிஞ்சும் பாதையில் ஓட்டை இருந்தால், அதன் வழியாக வரும் காற்று ஐடிலில் பெரிய பங்கு, வேகத்தில் சொற்பம். பம்ப்போ ஃபில்டரோ பழுதாகிப் பெட்ரோல் வரத்து குறைந்திருந்தால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, வேகத்தில்தான் மோசமாகும். (என் வண்டியில் உள்ளே போகும் காற்றின் அளவை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உண்டு. அதற்குப் பதில் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள வண்டியில் இந்த எண்கள் இவ்வளவு தெளிவாகப் பேசாது, ஐடில் மட்டும் ஏறி நிற்கலாம்.)

சரி, வேக்கம் லீக், அந்த ஓட்டைதான். எங்கே? சோப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு நுரை கிளம்பும் என்று அரை மணி நேரம் குனிந்து நின்றேன், முட்டாள்தனமாக. நுரை வருவது காற்று வெளியே தள்ளும் இடத்தில். இங்கே இன்ஜின் உள்ளே உறிஞ்சுகிறது. நுரை எப்படி வரும்? கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கச் சொன்னார் ஒருவர். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் எளிதில் தீப்பற்றும் ஸ்ப்ரே. நான் தொடவில்லை, நீங்களும் வேண்டாம்.

பிரேக் பூஸ்டரை (இன்ஜினின் உறிஞ்சலை வைத்து பிரேக் மிதிப்பை எளிதாக்கும் பாகம்) முதலில் சோதித்தேன், காரணம் அது உயிர் சம்பந்தப்பட்டது. இன்ஜினை அணைத்து பெடலை நான்கைந்து தடவை அமுக்கி, கடைசியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாக உள்ளே இறங்க வேண்டும். இறங்கியது. பிரேக் மிதிக்கும்போது சீறல் மாறுகிறதா என்றும் பார்த்தேன், இல்லை.

பிறகு ஒரு மீட்டர் ரப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனையை ஹோஸ் ஹோஸாக நகர்த்த வேண்டியதுதான். சட்டைக் கையை மடித்துவிட்டு, பெல்ட்டையும் ஃபேனையும் விட்டுத் தள்ளி நில்லுங்கள். இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரிலிருந்து, காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு, உள்ளே சேரும் ஆவியைக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸின் வளைவுக்குக் கீழே வந்ததும் காது கிழிந்தது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரி இருக்கிறது. விரலை அடியில் விட்டுத் தடவினேன். எண்ணெய் ஆவியில் ஊறி ரப்பர் கொழகொழவென்று, நகம் நுழையும் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. விரலால் அழுத்தினேன். சீறல் நின்றது. ஐடிலும் அப்படியே இறங்கி 750-இல் உட்கார்ந்தது. விரலை எடுத்தேன், ஸ்ஸ்ஸ். மறுபடி வைத்தேன். நாலைந்து தடவை சும்மாவே செய்து பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

இன்சுலேஷன் டேப் சுற்றியது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை, எண்ணெயில் எங்கே ஒட்டும்? உதிரிபாகக் கடையில் கொடுத்த முதல் ஹோஸுக்கு வளைவே வேறு. ஒரு நடை வீண். பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். சாதாரணத் தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டவும் வேண்டாம், உறிஞ்சலில் சப்பிப்போகும், எண்ணெயிலும் ஊறும். மாட்டும் வேலை பத்து நிமிடம்.

ஒரு வாரத்தில் ட்ரிம் 2-க்கு வந்துவிட்டது. வண்டியை அணைத்ததும் சில நொடி மெல்ல ‘உஸ்’ என்று கேட்டால் பதறாதீர்கள், ஏசி கேஸ் அழுத்தம் சமமாகிற சத்தம். ஆனால் அணைத்த பிறகு ஆவியோடு சீறினால் அது கூலண்ட். இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது.

கழற்றிய ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு வாங்கிவந்திருந்தேன். டிக்கியில் கிடக்கிறது, நல்ல நிலையில்.